உப்பு குறைந்த நிக்காஹ்

தலத்தெரு, காரைக்கால்
8.12.2024

பானுவுக்கு உன் மச்சி உம்மு சல்மாவின் ஸலாம். நீ பதில் ஸலாம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் சொல்ல வேண்டியது என் கடமை. சொல்லிவிட்டேன்.

போன் பண்ணிப் பார்த்தேன், நீ எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கமலாம்பாள் அக்காவின் போனை வாங்கி அடித்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழித்துத்தான் போட வேண்டும். கிழிக்கிறதுக்குள் நாலு வரியாவது கண்ணில் பட்டுவிடும், அதனால் எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்றவள் நான். எழுத்தில் தப்பு இருந்தால் சிரித்துக்கொள்.

வருகிற இருபத்திரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, உன் நானா மவுத்தாகி நாற்பதாம் நாள் பாத்திஹா. பெரிதாக ஒன்றுமில்லை. ஆலிம்சாக்களைக் கூப்பிட்டு ஓதி, தெருவுக்கு நார்சாச் சோறு கொடுக்கிற அளவுதான். உன் நானாவிடம் சமையல் பழகிய பீர் மைதீன் வந்து சமைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். கூடப்பிறந்தவள் என்று அவருக்கு நீ ஒருத்திதான். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. நீ இல்லாமல் ஓதினால் பாதி ஓதின மாதிரிதான் எனக்கு இருக்கும்.

அவரை அடக்கிய அன்று சாயங்காலம் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உள்ளே வருவாய் என்று பாயில் நகர்ந்து உனக்கு இடம் விட்டு உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால் நீ இல்லை. எழுந்து வந்து கூப்பிடலாம் என்றால் புருஷன் போனவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவில் நான் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இந்த வாசற்படியை நான் தாண்ட முடியாது.

இன்னொன்று. அவர் மவுத்தான அன்று நான் மயங்கி விழுந்ததில், வீட்டுக்கு வந்திருந்த டாக்டர் என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். இருநூறுக்குக் கிட்டே நிற்கிறதாம். "உங்க வீட்டுக்காரருக்கு வந்ததுதான் உங்களுக்கும் வரும். தள்ளிப்போடாம ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா" என்றார். இத்தாவில் இருக்கிறவள் எங்கே போவது. போகவில்லை. இதை உனக்கு எதற்கு எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. எழுதியதை அடித்தால் அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும்.

வா பானு.

உன் மச்சி
சல்மா


பரங்கிப்பேட்டை
14.12.2024

மச்சிக்கு, வ அலைக்கும் ஸலாம்.

உங்கள் கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. பாத்திஹாவுக்கு நான் வரவில்லை. என் பங்குக்கு இங்கே யாஸீன் ஓதிக்கொள்கிறேன்.

நானாவுக்குப் பிரஷர் இருந்தது எனக்குத் தெரியும். மாத்திரை சாப்பிட்டுக் கட்டுக்குள் இருக்கிறது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். போன மாதம் பீர் மைதீன் இங்கே ஒரு சமையலுக்கு வந்தான். அவன் வாயிலிருந்து வருகிறது, என் மகள் தஹ்ஸீன் கல்யாணத்துக்குப் பிறகு நானா மாத்திரையைக் கையால் தொடவே இல்லை என்று. கூடவே இருந்தவர் நீங்கள். சோறு போட்டவர் நீங்கள். அவரைக் கேட்க முடியாது, உங்களைத்தான் கேட்க முடியும். யார் நிறுத்தியது?

என் மகள் கல்யாணத்தில் நடந்ததை நான் மறந்துவிட்டேன் என்றும் நினைக்க வேண்டாம். காரைக்காலிலிருந்து பண்டாரி தாவூது வந்து சமைக்கிறார், பெண்ணுக்குச் சொந்த மாமு, என்று சம்பந்தி வீட்டில் ஒரு மாதமாகச் சொல்லி வைத்திருந்தோம். ஒரு சஹன் தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற இடம். ஒருத்தர் உப்பு கேட்டால் நாலு பேர் கை நிற்கும். அன்றைக்கு முதல் பந்தியில் சஹனுக்கு சஹன் உப்பு கேட்டார்கள். கிண்ணத்தில் உப்பை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் மண்டபம் முழுக்க ஓடினார். தஹ்ஸீனின் மாமனார் தட்டில் உப்பைத் தூவிக்கொண்டே பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்ததை நான் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இன்றுவரை சம்பந்தி வீட்டு வாசலில் நான் தலை நிமிர்த்தி நின்றதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதை நான் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்றில்லை.

மெஹர் பானு


தலத்தெரு
26.12.2024

பானு,

பாத்திஹா நல்லபடி முடிந்தது. பீர் மைதீன் சமைத்தான், உப்பு சரியாக இருந்தது. உப்பைப் பற்றிச் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன், பேனா அங்கேயே போகிறது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். மாத்திரையை நிறுத்தியது அவர். நிறுத்துங்க என்று சொன்னது நான்.

போன பொங்கல் சமயம் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டபோதுதான் அவருக்குப் பிரஷர் என்று தெரிந்தது. தினம் ஒரு மாத்திரை, உப்பைக் குறைக்க வேண்டும் என்றார்கள். குறைப்பது என்றால் எவ்வளவு என்று எனக்குப் புரியவில்லை. பத்துப் பேர் நிற்கிற இடத்தில் திரும்பக் கேட்கக் கூச்சம். வீட்டுக்கு வந்து, குறைப்பானேன், போடாமலே விடுவோம் என்று சோற்றுக்கு ஊற்றுகிற ஆணத்தில் உப்புப் போடுவதையே நிறுத்திவிட்டேன். முதலில் தட்டைத் தள்ளினார். "பத்தியமா, தண்டனையா?" என்று கேட்டார். பிறகு பழகிவிட்டது. வெளியே எங்காவது சாப்பிட்டால் இது என்ன, கடல் தண்ணியாக இருக்கிறது என்பார். நாங்கள் இரண்டு பேரும் அதில் பெருமைப்பட்டோம். பிரஷரும் இறங்கியது. நாக்கு மாறிவிட்டது என்று இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. ஆயிரம் பேருக்கு உப்புப் பார்க்கிற நாக்கு அது.

உன் வீட்டுக் கல்யாணத்தில் மசாலாவை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, உப்பு சரியாக நிற்கிறது, அரிசியைப் போடு என்றார். அவருக்கு நின்றது பானு. பொய் சொல்லவில்லை. பீர் மைதீனுக்குக் குறைவாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் பண்டாரி உப்புப் பார்த்த பிறகு இன்னொருத்தன் சட்டியில் கை விட்டால் அவர் முகத்தில் துப்புகிற மாதிரி. அவன் பேசாமல் தம் போட்டுவிட்டான்.

திரும்பி வருகையில் வண்டியில் தேக்சாப் பாத்திரங்களோடு பின்னால் உட்கார்ந்து வந்தார். ஊர் வந்தும் இறங்கவில்லை, நான் போய்க் கையைப் பிடித்து இறக்கினேன். மறுநாள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுதான் சல்மா என் நாக்கைக் கொன்னுடுச்சு" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படியானா நிறுத்துங்க என்றேன். மாத்திரைக்கும் நாக்குக்கும் சம்பந்தம் இல்லை, உப்பில்லாமல் ஆக்கிப் போட்டது நான் என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் பழி என் மேல் வரும். மாத்திரை மேல் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் நாக்கைத் திருப்பிக் கொண்டுவருவதே வேலையாக இருந்தேன். பட்டினச்சேரிக் கருவாடு, நார்த்தங்காய் ஊறுகாய், கஞ்சியில் கல் உப்பு. பிள்ளைக்கு மருந்து ஊட்டுகிற மாதிரி உப்பு ஊட்டினேன். நாக்கு வந்துவிட்டது பானு. அக்டோபரில் நாகூரில் ஒரு நிக்காஹ் சமைத்தார். மாப்பிள்ளையின் வாப்பா சமையல்கட்டுக்கே வந்து அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாராம். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் ஒருநாள் விடியற்காலை பஜ்ரு தொழுதுவிட்டு வந்து தேத்தண்ணி குடிக்கிறபோது டம்ளர் நழுவியது. வாய் கோணிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும் ஒரு சொல் பேசவில்லை. மற்றது உனக்குத் தெரியும்.

நான் வெட்கப்படுகிறேன். ஆனால் நாகூரிலிருந்து வந்த அன்றைக்கு அவர் சிரித்ததை நினைத்தால் அதையும் சேர்த்து வெட்கப்பட என்னால் முடியவில்லை. அதுவும் ஒரு வெட்கமாக இருக்கிறது.

பாத்திஹா அன்றைக்கு எனக்குத் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மூக்கில் கொஞ்சம் ரத்தம் வந்தது. கமலாக்கா பார்த்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் திட்டினார். இத்தா முடியட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

சல்மா


பரங்கிப்பேட்டை
4.1.2025

மச்சி,

உங்கள் கடிதத்தைப் படித்து ஒரு வாரம் ஆகப்போகிறது. பதில் எழுதப் பேனாவை எடுத்தேன், வைத்தேன்.

அன்றைக்கு மண்டபத்துச் சமையல்கட்டில் நானாவிடம் நான் என்ன சொன்னேன் என்று நீங்கள் எழுதவில்லை. பக்கத்தில் நின்றிருந்தீர்கள், கேட்டீர்கள். மறந்திருக்க மாட்டீர்கள். எனக்காக விட்டுவிட்டீர்கள் என்று புரிகிறது. நானே எழுதுகிறேன். "உங்க நாக்கு செத்துப்போச்சு நானா. செத்த நாக்கை வச்சிக்கிட்டு என் புள்ள கல்யாணத்துக்கு ஏன் வந்தீங்க?" எடுபிடிகள், பாத்திரம் கழுவுகிற பெண்கள், எல்லோரும் இருந்தார்கள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அடுத்த பந்திக்கு உப்புத் தண்ணீர் காய்ச்சித் தெளிக்கப் போய்விட்டார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூக்கி வளர்த்த தங்கச்சி என்று விட்டுவிட்டார்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், பேச்சு இல்லை என்று போன் வந்தபோது நான் பஸ் ஏறவில்லை. என்னைப் பார்த்தால் ஏதாவது பேச முயற்சி செய்வார். வாய் வராது. அதைப் பார்க்க என்னால் முடியாது. மவுத்தான செய்தி வந்த பிறகுதான் கிளம்பினேன். உங்கள் வாசலில் நின்றது கோபத்தில் என்று நினைத்துக்கொண்டீர்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். கோபக்காரி என்று பேர் எடுப்பது சுலபமாக இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. எனக்கும் பிரஷர். கூடப்பிறந்தவருக்கு இருந்ததே என்று பயந்து போய்ப் பார்த்தேன். நூற்றெழுபது. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாது. அரிசி டின்னுக்குள் வைத்து, சோறு வடிக்கும்போது எடுத்து முழுங்குகிறேன். சம்பந்தி வீட்டுக் காதுக்குப் போனால், மாமுவுக்கு இருந்தது, தாய்க்கும் இருக்கிறது, பெண்ணுக்கும் வரும் என்று பேசுவார்கள். ஏற்கனவே அங்கே நமக்குக் கிடைத்த பேர் போதும்.

உங்களுக்கு மூக்கில் ரத்தம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைச் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். மருந்துக்குப் போக இத்தா தடை இல்லை என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். இத்தாவைத் திரையாகப் போடாதீர்கள். போங்கள் மச்சி.

பானு


தலத்தெரு
15.1.2025

பானு, கண்ணு,

நீ எழுதியதைப் படித்தேன். உன் நானா உன்னைப் பற்றி என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. பானுவுக்கு உப்புக் கம்மியான சோறு போட்டுட்டேனே என்று மட்டும் சொல்வார். அதைக் கேட்டு நீ அழுவாய் என்று தெரியும். ஆனாலும் உன்னிடம் மறைக்கக் கூடாது.

நேற்று பொங்கல். கமலாக்கா சர்க்கரைப் பொங்கலோடு வந்தார். அதோடு ஒரு வேலையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பெண்களுக்கு மதரஸா நடத்துகிற ஆலிமா வீட்டு வாசலில் போய் நின்று, "பக்கத்து வூட்டம்மாவுக்குப் பிரஷர் ஏறிக் கிடக்குது. உங்க சட்டத்துல ஆஸ்பத்திரி போவலாமா, கூடாதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டாராம். ஆலிமா பயந்தே போனார்களாம். பகலில் தாராளமாகப் போகலாம், உயிரைக் காப்பாற்றுவதுதான் முதலில் என்று சொல்லியிருக்கிறார்கள். கமலாக்கா என்னவோ கோர்ட்டில் கேஸ் ஜெயித்த மாதிரி வந்து நிற்கிறார். "கெளம்பு. இனிமே அல்லா மேல பழியப் போடாத" என்றார்.

நான் போகவில்லை. நீ சொன்னது சரி. இத்தா இல்லை காரணம்.

இங்கே இருக்கிற சுகாதார நிலையத்தில் வினோதா என்று ஒரு நர்ஸ் இருக்கிறது. பிரஷர் சீட்டுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது அந்தப் பெண்தான். உன் நானா மாத்திரையை நிறுத்திய பிறகும் மாதாமாதம் நான் அவர் சீட்டை எடுத்துக்கொண்டு போய் மாத்திரை வாங்கி வந்தேன். வாங்காவிட்டால் ஏன் வரவில்லை என்று வீடு தேடி வந்துவிடுவார்களோ என்று பயம். "அவரு ஏம்மா வரல?" என்று கேட்கும். சமையல் வேலைக்குப் போயிருக்கிறார், ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்பேன். அடுத்த தடவை கட்டாயம் கூட்டிட்டு வாங்க, அளந்து பார்க்கணும் என்று சொல்லும். சரி என்பேன். ஒருநாள் வரிசையில் நின்றவர்களிடம் என்னைக் காட்டி, "இந்தம்மாவப் பாருங்க, வீட்டுக்காரருக்கு ஒரு மாசம் தவறாம வாங்கிட்டுப் போறாங்க. இப்படி இருக்கணும்" என்றது. அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நல்லவள் மாதிரி நின்றேன்.

இப்போது அங்கே போய் என் கையை நீட்டினால், பாய் எப்படி இருக்கிறார் என்றுதான் முதலில் கேட்கும். நான் என்ன சொல்வேன்?

அந்த மாத்திரை எல்லாம் அட்டை அட்டையாக ஒரு பையில் அப்படியே இருக்கிறது. அவருக்கும் பிரஷர், எனக்கும் பிரஷர். அதையே போட்டுக்கொண்டால் என்ன என்று தோன்றுகிறது. யார் முகத்திலும் விழிக்க வேண்டியதில்லை. தலை கனமாக இருக்கிற அன்றைக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். நீ என்ன சொல்கிறாய்?

சல்மா


பரங்கிப்பேட்டை
21.1.2025

மச்சி,

அந்தப் பையைத் தொடாதீர்கள். எனக்குக் கொடுத்தபோது ஆஸ்பத்திரியில் தெளிவாகச் சொன்னார்கள், ஒருத்தர் மாத்திரையை இன்னொருத்தர் போடக் கூடாது, தலை வலிக்கிற அன்றைக்கு ஒன்று, வலிக்காத நாளில் சும்மா என்றும் இருக்கக் கூடாது என்று. நானாவின் அளவு உங்கள் அளவு இல்லை.

வினோதா என்ன கேட்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்கட்டும். அது கேட்கிற ஒரு கேள்விக்குப் பயந்து நீங்களும் கீழே விழுந்து கிடந்தால், நான் யாருக்குக் கடிதம் எழுதுவது? நானா போய்விட்டார். அவரைப் பற்றிப் பேச எனக்கு உலகத்தில் மிச்சம் இருப்பது நீங்கள் ஒருத்தர்தான். அதை இத்தனை நாள் நான் போனை எடுக்காமல் வீணாக்கினேன்.

கெஞ்சினால் நீங்கள் கேட்க மாட்டீர்கள். அதனால் இப்படிச் சொல்கிறேன். நேற்றோடு நானும் மாத்திரையை நிறுத்திவிட்டேன். நீங்கள் போய்ப் பார்த்துவிட்டேன் என்று எழுதுகிற கடிதம் கைக்கு வருகிற அன்றைக்குத்தான் திரும்பப் போடுவேன். என் தலை விதியை உங்கள் கையில் கொடுக்கிறேன். கெட்ட குணம் என்றால் கெட்ட குணம். நானாவிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், சின்ன வயதிலிருந்தே எனக்கு இந்தக் குணம் உண்டு.

பானு


தலத்தெரு
25.1.2025

அடிப் பாவி பானு,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. இன்று காலையில் போய்விட்டு வந்துவிட்டேன். போன் அடிக்கிறேன், எடுக்கவில்லை. கடிதம் கைக்கு வர வேண்டும் என்று எழுதியிருக்கிறாய் அல்லவா, அதனால் வந்த காலோடு எழுதுகிறேன். தபால் பெட்டியில் போடக் கமலாக்கா செருப்போடு நிற்கிறார். முதலில் நீ மாத்திரையைப் போடு. போட்டுவிட்டு மேலே படி.

துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, கமலாக்கா கையைப் பிடித்துக்கொண்டு போனேன். இத்தனை நாள் கழித்து வெயிலில் நடக்கக் கண் கூசியது. அந்தப் பையையும் எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமையானதால் வரிசை நீளம். வினோதா என்னைப் பார்த்ததும் சிரித்தது. "வாங்கம்மா. ரெண்டு மூணு மாசமா ஆளையே காணோம்? பாய் எப்படி இருக்காரு?" என்றது. கருகமணி கழற்றின கழுத்தைத் துப்பட்டி மூடியிருந்தது, அதற்குத் தெரியாது.

எனக்குப் பார்க்கணும் என்று மட்டும் சொன்னேன். அஞ்சு நிமிஷம் சும்மா உட்காரச் சொல்லி, பிறகு கையில் பட்டையைச் சுற்றியது. நான் வாயைத் திறந்தேன். "பேசாதீங்கம்மா, பேசினா கூடக் காட்டும்" என்றது. பட்டை இறுகிக்கொண்டே போகிறது, தொண்டையில் சொல்ல வேண்டியது எல்லாம் வந்து நிற்கிறது, பேசக் கூடாது. அப்படி ஒரு பாரத்தை நான் தூக்கினதில்லை. நூற்றித் தொண்ணூற்றி ஆறு என்றது. இன்னொரு தடவை பார்த்தது. அதேதான்.

பட்டையைக் கழற்றியதும் சொன்னேன். "அவரு மவுத்தாயிட்டாரும்மா. நான் வாங்கிட்டுப் போனது எதையும் அவரு சாப்பிடல. உங்ககிட்ட பொய் சொன்னேன்." பையை மேஜை மேல் வைத்தேன். பின்னால் வரிசையில் பேச்சு நின்றுவிட்டது.

அந்தப் பெண் திட்டும் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும். அது பையைப் பிரித்துப் பார்த்து, அட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி வைத்தது. "நானாவது ஒரு நடை வந்து பார்த்திருக்கணும்மா. நீங்க சொன்னதை நம்பி எல்லார் முன்னாடியும் வேற உங்களைப் பாராட்டினேன்" என்று மெதுவாகச் சொல்லியது. அதற்கும் முகம் சிவந்துவிட்டது. அந்தப் பெண் என்ன பண்ணும் பானு? பொய் சொன்னது நான்.

டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டு நெஞ்சில் ஒயரை ஒட்டி, சுருள் காகிதத்தில் கோடு ஓட்டிப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். புது மாத்திரை கொடுத்திருக்கிறார், அடுத்த வாரம் திரும்ப வரச் சொன்னார். இந்தத் தடவை கூச்சப்படாமல் கேட்டேன், உப்பைக் குறைப்பது என்றால் எவ்வளவு என்று. ஆணத்தில் போடுவதைப் பாதியாக்குங்க, கருவாடு ஊறுகாயை விடுங்க, அடியோடு நிறுத்தணும்னு யாரு சொன்னா என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. இவ்வளவுதான் விஷயம் பானு. அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

வெளியே வந்து கமலாக்காவுக்காக மரத்தடியில் நின்றேன். அப்போது ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றது. பட்டினச்சேரிப் பக்கம் போல, மீன் கூடைக்காரி. கையில் ஆம்பளைப் பெயர் போட்ட பிரஷர் சீட்டு. என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொல்லியது: "எங்க ஊட்டுக்காரரும் சாப்புடறதில்லக்கா. கடலுக்குப் போனா ஒத்துக்காதுங்குறாரு. நானும் வாங்கிட்டுப் போயி வச்சிருக்கேன்." நான் யாருக்குச் சொல்ல? "உள்ள போயி அந்தப் புள்ளகிட்ட சொல்லும்மா" என்றேன். "வெட்கமா இருக்குக்கா" என்றது. நானும் கூட வருகிறேன் என்று அதன் கையைப் பிடித்தேன். திரும்ப உள்ளே போனோம்.

மாத்திரை போட்டுக்கொண்டேன். மனசு சரியில்லாமல் போட்டால் பிடிக்குமா என்று வினோதாவைக் கேட்டேன். அது பாட்டுக்கு வேலை செய்யும் என்றது.

இனி உன் முறை. ஒளித்துப் போடாதே.

சல்மா


பரங்கிப்பேட்டை
3.2.2025

என் மச்சிக்கு,

கடிதம் கிடைத்த அன்றைக்கே போட்டுவிட்டேன். நின்ற வாக்கில், தபால்காரர் போவதற்குள். உங்களை அப்படிப் பயமுறுத்தியதற்கு மன்னித்துவிடுங்கள். உண்மையில் நிறுத்தித்தான் இருந்தேன். அது தப்பு என்று ஆஸ்பத்திரியில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒளித்துப் போடாதே என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகும் சில நாள் ஒளித்துத்தான் போட்டேன். நேற்று தஹ்ஸீன் மாமியார் உம்மு ஹபீபா வந்திருந்தார்கள். தஹ்ஸீனும் வந்திருந்தாள். சாப்பாடு முடிந்தது. மாத்திரை நேரம். சமையல்கட்டுக்குப் போகலாம் என்று எழுந்தவள், உங்களை நினைத்துக்கொண்டு டின்னை நடுவீட்டுக்கே தூக்கி வந்துவிட்டேன். அரிசிக்குள் கையை விட்டு அட்டையை எடுத்தேன். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். முழுங்கினேன்.

சம்பந்தியம்மா என்ன மாத்திரை என்று கேட்டார்கள். பிரஷர் என்றேன். கூடப்பிறந்தவருக்கும் அதுதானே என்றார்கள். ஆமாம் என்றேன். வாய் திறந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை. அன்றைக்கு உப்பு குறைந்தது அதனால்தான் என்று சொன்னேன். டாக்டர் சொன்னார் என்று நானா பல மாதம் வீட்டில் உப்பில்லாமல் சாப்பிட்டார், அதில் நாக்கு மாறிவிட்டது, வேண்டுமென்று செய்யவில்லை, உங்களை மட்டமாக நினைத்துச் செய்யவில்லை, அவர் சமையலில் அது ஒன்றுதான் தவறியது என்றேன். தஹ்ஸீன் எழுந்து போய்விட்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது.

அந்த அம்மா அவள் போன பக்கம் பார்த்தார்கள். பிறகு சொன்னார்கள்: "எங்க வூட்டுக்காரருக்கும் மூணு வருஷமா உப்புக் கம்மியான ஆணம்தான். அன்னைக்கு சஹன்ல உப்பைத் தூவினாரே, அது எனக்குத் தெரியாம ஒரு நாளாவது உப்புத் திங்கலாம்னுதான். அதுக்குத்தான் சிரிச்சார். பண்டாரியைப் பார்த்து இல்ல."

அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் நான் நானாவிடம் அப்படிப் பேசினேன்.

பிறகு அவர்கள் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, "பிரஷர்னு அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே உப்பைப் போட்டுக்கிட்டுத் தின்னுட்டுப் போயிருப்போமே. இதச் சொல்றதுக்கு என்ன வெட்கம்?" என்று கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் அப்போது சொல்லுங்கள்.

பானு